பழைய இயங்குதளங்களின் மூலநிரலை மாணவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாமா?

தீவு_டீச்சர் (பினாங்கு)

வணக்கம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினிக் கழகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட பழைய மாணவர்களும் சனிக்கிழமைகளில் வந்து சேர்ந்துகொள்வார்கள். வரும் விடுமுறையில் அவர்களுக்குப் பழைய இயங்குதளங்களை எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஓடவிட்டுக் காட்டி, மூலநிரலையும் திறந்து படிக்க வைக்கலாம் என்று திட்டம். இன்றைய லினக்ஸ் கருநிரலைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் நுழைவது என்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. எம்எஸ்-டாஸின் முதல் பதிப்புகள் அப்படி இல்லை. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை உட்கார்ந்து தேடினால் கண்டுபிடித்துவிடலாம்.

ஆளுக்கொரு பென்டிரைவ் கொடுக்க நினைக்கிறோம். அதில் எம்எஸ்-டாஸ், சிபி/எம், பழைய யூனிக்ஸ், ஆப்பிள் லிசா நான்கும் இருக்கும். நான்கையுமே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடிகிறது. பென்டிரைவ் விலைக்காகப் பத்து ரிங்கிட் மட்டும் வாங்குவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர், “இதையெல்லாம் பிரதி எடுத்துக் கொடுக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்போங்_கோடர் (சிலாங்கூர்)

டீச்சர், எல்லாம் நாற்பது வருடத்துக்கு முந்தைய நிரல். எழுதிய நிறுவனங்களில் பாதி இன்று இல்லை. யாரும் விற்பதும் இல்லை. பிள்ளைகள் படிப்பதற்கு யார் வழக்குப் போடப் போகிறார்கள்? தாராளமாகக் கொடுங்கள்.

பழைய_டிஸ்க் (கோலாலம்பூர்)

கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள் டீச்சர். நீங்கள் சொன்ன நான்கும் நான்கு விதம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது.

முதலில் எம்எஸ்-டாஸ். இது நல்ல செய்தி. ஆனால் எந்த இடத்திலிருந்து இறக்கினீர்கள் என்பதைப் பாருங்கள். 2014 மார்ச்சில் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம், மைக்ரோசாப்ட் சம்மதத்தோடு 1.1, 2.0 பதிப்புகளின் மூலநிரலை வெளியிட்டது. அன்றைய உரிமம் வணிகமில்லாத ஆய்வுக்கும் கல்விக்கும் மட்டும். நீங்கள் படிக்கலாம், இயங்கும் நிரலாகத் தொகுத்துப் பார்க்கலாம், இன்னொருவருக்கு விநியோகிக்கக் கூடாது. 2018 செப்டம்பரில் மைக்ரோசாப்ட்டே 1.25, 2.0 இரண்டையும் எம்ஐடி என்ற தாராளமான உரிமத்தில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டது. 2024 ஏப்ரலில் ஐபிஎம்மோடு சேர்ந்து 4.00 பதிப்பையும் அதே உரிமத்தில் வெளியிட்டார்கள். ஆக 2.0 இரண்டு இடத்தில், இரண்டு உரிமத்தில் கிடைக்கிறது. ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. மற்றதைக் கொடுக்கலாம், திருத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம். கிட்ஹப் பிரதியை எடுங்கள், கூடவே இருக்கும் உரிமக் கோப்பையும் மறக்காமல் சேர்த்துப் போடுங்கள். எம்ஐடி உரிமம் கேட்பது அது ஒன்றைத்தான். 6.0 மூலநிரல் என்று இணையத்தில் சுற்றுவது கசிந்தது, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

லிசாவை பென்டிரைவில் போடாதீர்கள். லிசா வெளிவந்து 40 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 2023 ஜனவரியில் அதே அருங்காட்சியகம்தான் வெளியிட்டது. ஆப்பிள் கொடுத்தது ஒரு கல்வி உரிமம். சொந்தப் படிப்புக்கும் கற்பித்தலுக்கும் பயன்படுத்தலாம், கைமாற்றக் கூடாது. உங்கள் கணினியில் வைத்துத் திரையில் காட்டிப் பாடம் நடத்துங்கள். வீட்டில் பார்க்க விரும்பும் பிள்ளை அருங்காட்சியகத்தின் பக்கத்துக்குப் போய், பெற்றோர் நிபந்தனைகளைப் படித்துச் சம்மதித்து, தானே இறக்கிக்கொள்ளட்டும்.

சிபி/எம், யூனிக்ஸ் இரண்டுக்கும் கதை நீளம். இரவு எழுதுகிறேன்.

பாயான்லெப்பாஸ் (பினாங்கு)

டீச்சர், சிபி/எம்மை விட்டுவிடாதீர்கள், அது நம் தீவுக்குச் சம்பந்தமில்லாத கதை அல்ல. 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை இங்கே பாயான் லெப்பாஸில்தான். சிபி/எம்மை எழுதிய கேரி கில்டால் அந்த நாளில் இன்டெலுக்கு ஆலோசகர். அவர்களுக்காக பிஎல்/எம் என்ற மொழியை எழுதிக் கொடுத்தவர். சிபி/எம்மே இன்டெலின் 8080 சிப்பை நம்பிப் பிறந்ததுதான்.

நான் இங்கே ஒரு சிப் ஆலையில் டெக்னீஷியனாக வேலை செய்தவன். எண்பதுகளில் ஒரு ஆப்பிள் குளோனில் ஸி80 கார்டு செருகி சிபி/எம் கற்றுக்கொண்டேன். கையேட்டில் வன்பொருளோடு பேசும் பயாஸ் பகுதிக்கு மட்டும் ஒரு மாதிரி நிரல் அச்சாகி இருக்கும், ஏனென்றால் அதை அவரவர் இயந்திரத்துக்கு ஏற்ப எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் பிடாஸ் பகுதி மூடிய பெட்டி. வட்டில் இடத்தை எப்படிப் பங்கு போடுகிறது, கோப்பின் பெயரை எப்படித் தேடுகிறது, எதுவும் எங்களுக்குத் தெரியாது. இன்று பதின்மூன்று வயதுப் பிள்ளை அதை வரி வரியாகப் படிக்கலாம் என்றால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறில்லை. சட்டப்படி முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய_டிஸ்க் (கோலாலம்பூர்)

முடியும் ஐயா. ஆனால் இப்படித் தெளிவாகச் சொல்ல 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு இந்த விஷயத்திலேயே முக்கியமாகப் படுவது இந்தக் கதைதான்.

கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை 1991இல் நோவெல் வாங்கியது. 1996இல் அந்தச் சொத்துகள் கால்டேராவிடம் போயின, பிறகு அதிலிருந்து பிரிந்த லீனியோவுக்கு. விற்பனைக்கு மதிப்பில்லாத சிபி/எம், ஒவ்வொரு கைமாற்றத்திலும் மூட்டையோடு மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. டிம் ஓம்ஸ்டெட் என்ற ஆர்வலர் சிபி/எம்முக்காக ஒரு இணையதளம் நடத்தினார். 2001 செப்டம்பரில் அவர் காலமானார், தளத்தை காபி சவுத்ரி எடுத்து நடத்தினார். அடுத்த மாதம் லீனியோவின் பிரையன் ஸ்பார்க்ஸ் அனுமதி கொடுத்தார். பயன்படுத்தலாம், விநியோகிக்கலாம், மாற்றலாம் எல்லாம் சரி. ஆனால் அந்த இணையதளத்தின் பெயரைச் சொல்லி, அதன் ஒரு பகுதியாக, அதன் பராமரிப்பாளர்கள், சமூகத்தோடு சேர்த்து, என்று வாசகம் அமைந்துவிட்டது.

தளத்தை காபி சவுத்ரி எடுத்து நடத்தினார். அனுமதி இருந்தது, ஆனால் யாருக்கு? அந்தத் தளத்தில் இருக்கும்வரை சரி. அங்கிருந்து இறக்கி என் வட்டில் போட்டு இன்னொருவருக்குக் கொடுத்தால்? திருத்தி வேறு இடத்தில் வெளியிட்டால்? கொடுத்தவர் மனதில் எந்தத் தடையும் இருந்திருக்காது. எழுதிய வாக்கியத்தில் இருந்தது. இருபது ஆண்டுக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஆர்வலர்கள் விவாதித்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் 2014இல் அருங்காட்சியகமும் சிபி/எம்மின் ஆரம்பப் பதிப்புகளை வெளியிட்டது, அதுவும் வணிகமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும்.

2022 ஜூலையில் அதே ஸ்பார்க்ஸ், இப்போது டிஆர்டாஸ் நிறுவனத்தின் தலைவராக, ஒரு சிறு விளக்கம் எழுதினார். முந்தைய அனுமதியின் நோக்கம் ஒரு தளத்தோடு கட்டிப்போடுவது அல்ல, சிபி/எம்மையும் அதிலிருந்து வந்தவற்றையும் எவரும் பயன்படுத்தலாம், விநியோகிக்கலாம், மாற்றலாம் என்று. அவ்வளவுதான், ஒரே பத்தி. முடிச்சு அவிழ்ந்தது. கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள அதே மனிதர் இருபது ஆண்டு கழித்தும் அங்கே இருந்தார், அதனால் நடந்தது. அவர் விலகியிருந்தாலோ நிறுவனம் இன்னொரு கை மாறியிருந்தாலோ யாரைப் போய்க் கேட்பது?

டீச்சர், சிபி/எம்மைத் தாராளமாகப் போடுங்கள். 2022 விளக்கத்தின் வாசகத்தையும் ஒரு கோப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

சட்டமேசை (கோலாலம்பூர்)

“நாற்பது வருடம் ஆகிவிட்டது” என்ற வாதத்துக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1987 பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. ஆசிரியரின் ஆயுள், அதற்கு மேல் 50 ஆண்டு பாதுகாப்பு உண்டு. கேரி கில்டால் 1994இல் இறந்தார். அவர் ஒருவரே எழுதிய பகுதி என்று வைத்துக்கொண்டாலும் 2044 வரை போகும். அமெரிக்காவில் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட படைப்புக்கு, வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு. 1981இல் வந்த டாஸ் அங்கே 2076 வரை பூட்டில். மலேசியா 1990இல் பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்ததால் வெளிநாட்டுப் படைப்பு என்று சொல்லித் தள்ளவும் முடியாது. கைவிடப்பட்ட மென்பொருள் என்று தனி வகை எதுவும் சட்டத்தில் கிடையாது. விற்பதை நிறுத்தினாலும் உரிமை உரிமைதான்.

பிரிவு 40, நிரலுக்குக் காப்புப்பிரதி எடுத்து வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. சட்டப்படி வைத்திருக்கும் பிரதிக்குத்தான் அது. வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் எடுத்துக் கொடுப்பது காப்புப்பிரதி ஆகாது. ஆய்வு, சொந்தப் படிப்புக்கு நியாயமான பயன்பாடு என்று பிரிவு 13இல் ஒரு வாசல் இருக்கிறது. டீச்சர் ஒரு பகுதியைத் திரையில் காட்டி விளக்குவதற்கு அது துணை நிற்கும். முழு நிரலையும் பிரதி எடுத்து விநியோகிப்பதற்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

பத்து ரிங்கிட் விஷயம்: எம்ஐடி உரிமத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வணிகமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் உரிமங்களில், செலவுப் பணம் வாங்குவது வணிகமா என்று ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்க வேண்டிவரும். எதற்கு அந்தச் சிக்கல்? பிள்ளைகளே சொந்த பென்டிரைவைக் கொண்டுவரட்டும். பணம் கைமாறாது.

கம்போங்_கோடர் (சிலாங்கூர்)

சட்டம் புரிகிறது அக்கா. ஆனால் இந்த விதிகளை எல்லாரும் அப்படியே கடைப்பிடித்திருந்தால் இன்று பாதுகாக்க எதுவும் மிஞ்சியிருக்காதே? யூனிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு எழுதிய விளக்கவுரையை உலகம் முழுக்க ஜெராக்ஸ் எடுத்துத்தான் படித்தார்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸ். யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி அனுமதித்தா அது நடந்தது? உரிமம் பார்த்துக் காத்திருந்தவர்களைவிட, பிரதி எடுத்து வைத்தவர்கள்தான் நிரல்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய_டிஸ்க் (கோலாலம்பூர்)

தம்பி, பிரதி எடுத்து வைத்தவர்களுக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். நானும் அதை மறுக்கவில்லை. வட்டு உளுத்துப்போவதற்குள் படித்து எடுத்து வைப்பது அவசரமான வேலை. அதை யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. நான் சொல்வது அடுத்த கட்டம். எடுத்து வைத்ததை ஒரு பள்ளி தன் பெயரில் கொடுக்க வேண்டுமானால் எழுதிய அனுமதி வேண்டும்.

லயன்ஸ் கதையின் மறுபாதியையும் பாருங்கள். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் பாடமாக வைப்பதைத் தடுத்தது. ஜெராக்ஸ் படித்தவர்கள் படித்தார்கள், ஆனால் பல்கலைக்கழகங்கள் நிரலைக் காட்டிப் பாடம் நடத்துவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால்தான் ஆண்ட்ரூ டானன்பாம் ஏடி அண்ட் டியின் ஒரு வரிகூட இல்லாமல் மினிக்ஸை எழுதி 1987இல் வெளியிட்டார். லயன்ஸின் விளக்கவுரை முறையான அனுமதியோடு புத்தகமாக வந்தது 1996இல். எழுதி இருபது ஆண்டு கழித்து.

கசிந்த நிரலில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அது படிப்பவர் தலையில்தான் விழும். 2004இல் விண்டோஸ் 2000 நிரலின் ஒரு பகுதி கசிந்தது. விண்டோஸோடு ஒத்தியங்கும் இயங்குதளத்தைச் சொந்தமாக எழுதிக்கொண்டிருந்த ரியாக்ட்ஓஎஸ் திட்டத்தின் மீது, மைக்ரோசாப்ட் நிரலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று 2006இல் குற்றச்சாட்டு எழுந்தது. வேலையை நிறுத்தி, இருக்கும் நிரல் முழுவதையும் தணிக்கை செய்ய வேண்டி வந்தது. கசிந்த நிரலைப் பார்த்தவர் அந்தப் பகுதிக்குப் பங்களிக்கக் கூடாது என்று அப்படிப்பட்ட திட்டங்கள் விதி வைத்திருக்கின்றன. பதினான்கு வயதில் ஆர்வத்தில் ஒரு கோப்பைத் திறந்து படித்த பிள்ளைக்கு, இருபத்தைந்து வயதில் ஒரு வாசல் மூடியிருக்கும். பெரியவர்கள் நாம் கையில் எடுத்துக் கொடுத்து அப்படி ஆகிவிடக் கூடாது.

கம்போங்_கோடர் (சிலாங்கூர்)

அந்தக் கோணம் வலுவானது. பிள்ளைகள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். யூனிக்ஸைச் சொல்லுங்கள் அண்ணே, எந்தப் பதிப்பு வரை கொடுக்கலாம்?

பழைய_டிஸ்க் (கோலாலம்பூர்)

ஒன்றாம் பதிப்பிலிருந்து ஏழாம் பதிப்பு வரைக்கும் வேக்ஸ் கணினிக்கான 32வி பதிப்புக்கும் 2002 ஜனவரியில் கால்டேரா ஒரு கடிதம் கொடுத்தது. பிஎஸ்டி மாதிரி உரிமம், எம்ஐடி போலத் தாராளமானது. அதற்கு முன் 1998இல் எஸ்சிஓ நிறுவனம் நூறு டாலர் வாங்கிக்கொண்டு தனித்தனி ஆட்களுக்கு உரிமம் கொடுத்துக்கொண்டிருந்தது. வாரன் டூமியும் அவரோடு சேர்ந்த யூனிக்ஸ் பாதுகாப்பு ஆர்வலர்களும் விடாமல் கேட்டதன் பலன்தான் இரண்டும். சிஸ்டம் III, சிஸ்டம் V இரண்டும் சேராது என்று 2002 கடிதம் வெளிப்படையாகவே சொல்கிறது. அவை எங்கே கிடைத்தாலும் உங்கள் பென்டிரைவில் வேண்டாம்.

அப்புறம் சிக்கல் வந்தது. பழைய எஸ்சிஓவின் யூனிக்ஸ் வணிகத்தை வாங்கியிருந்த கால்டேரா, தன் பெயரையே எஸ்சிஓ என்று மாற்றிக்கொண்டு 2003இல் ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. அதைத் தொடர்ந்த நோவெல் வழக்கில், யூனிக்ஸ் பதிப்புரிமை எஸ்சிஓவிடம் இல்லை, நோவெலிடம்தான் இருக்கிறது என்று 2007இல் நீதிபதி சொன்னார், 2010இல் ஜூரியும் அதையே சொன்னது. அப்படியானால் 2002இல் கால்டேரா கொடுத்த அனுமதி, தனக்குச் சொந்தமில்லாததைக் கொடுத்ததா? இந்தக் கேள்வியோடு நீதிமன்றம் போய் யாரும் அந்த உரிமத்தைக் கவிழ்க்கவில்லை. நோவெலை அட்டாச்மேட் வாங்கி, அதை மைக்ரோ ஃபோகஸ் வாங்கி, அதை 2023இல் ஓப்பன்டெக்ஸ்ட் வாங்கியாகிவிட்டது. பல ஆண்டுகளாக உலகமே அந்தக் கடிதத்தின் பெயரில் ஏழாம் பதிப்பு வரை வெளிப்படையாகப் பரிமாறுகிறது. என் கருத்தில் ஆறாம் பதிப்பைக் கொடுக்கலாம், கால்டேரா கடிதத்தைச் சேர்த்து. சட்டமேசை வேறு மாதிரி நினைத்தால் சொல்லட்டும்.

எட்டு, ஒன்பது, பத்தாம் பதிப்புகளுக்கு 2017இல் நோக்கியா பெல் லேப்ஸ் தரப்பு, வணிகமில்லாத பயன்பாட்டுக்கு எதிராகப் பதிப்புரிமையைக் காட்டமாட்டோம் என்று அறிக்கை விட்டது. அது வாக்குறுதி, உரிமம் இல்லை. பள்ளிக்கு அது தேவைப்படவும் இல்லை.

சட்டமேசை (கோலாலம்பூர்)

ஆறாம் பதிப்பு விஷயத்தில் அவரோடு உடன்படுகிறேன். எழுத்தில் ஒரு கடிதம், நல்ல நம்பிக்கையில் பயன்பாடு, இத்தனை ஆண்டு எதிர்ப்பு இல்லாமை. பள்ளி எடுக்கக்கூடிய அளவு ஆபத்துதான் அது.

வேக்ஸ்_அறை (பெட்டாலிங் ஜெயா)

மூலநிரல் கிடைக்காத இயங்குதளத்தின் கதி என்ன என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். என்னிடம் ஒரு வேக்ஸ் இயந்திரம் இருக்கிறது. மின்வழங்கியைப் பழுது பார்த்து, வட்டுக்கு மாற்று வைத்து, இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன். அதில் ஓடும் ஓப்பன்விஎம்எஸ் இயங்குதளத்துக்கு ஆர்வலர் உரிமம் இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் காலாவதியாகும் சாவி. அதன் உரிமையாளரான எச்பிஇ நிறுவனம் 2020இல் அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டது. பின்னால் வந்த விஎஸ்ஐ நிறுவனம் ஆல்ஃபா, இட்டேனியம் சிப்புகளில் ஓடும் பதிப்புகளுக்குச் சமூக உரிமம் கொடுத்தது, ஆனால் வேக்ஸ் பதிப்பின் உரிமை அவர்களிடம் இல்லை. 2024இல் ஆல்ஃபா, இட்டேனியம் ஆர்வலர்களுக்குப் புதிய உரிமம் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஆர்வலர்களுக்கு மிஞ்சியது எக்ஸ்86 கணினிக்குத் தயாராக நிறுவிய வட்டுப் படிமம் (ஒரு வட்டின் முழு நகல்) மட்டும்.

இயந்திரத்தைக் காப்பாற்ற எனக்குத் தெரியும். மின்தேக்கி போனால் பாசார் ரோட்டில் தேடி வாங்கி மாற்றிவிடுவேன். காகிதத்தில் இருக்கும் அனுமதி காலாவதியானால் நான் என்ன செய்ய முடியும்? ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய எந்த அனுமதியையும் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். இலவசம் என்பதில் மயங்கி நாங்கள் இத்தனை ஆண்டு நிரந்தர உரிமத்தைக் கேட்காமலே இருந்தோம்.

எழுத்துரு (கோலாலம்பூர்)

படித்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் கலிபோர்னியாவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டில் டாஸில் தமிழ் ஓடவைக்க எத்தனை பேர் நிரல் எழுதினார்கள்! அச்சகத்துக்கு, கோயில் ரசீதுக்கு, திருமண அழைப்பிதழுக்கு, பள்ளித் தேர்வுத்தாளுக்கு. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த நேரத்திலும் எட்டு பிட் குறியாக்கங்கள் பல புழக்கத்தில் இருந்தன. அந்த நிரல்கள் எங்கே? ஃபிளாப்பியில், எழுதியவர் வீட்டு அலமாரியில். அவற்றுக்கு எந்த அருங்காட்சியகமும் கடிதம் வாங்கப் போவதில்லை. எழுதியவர்களில் பலர் இன்று அறுபது, எழுபது வயதில் நம்மிடையே இருக்கிறார்கள். சிபி/எம் கதையில் கையெழுத்துப் போட ஆள் இருந்தார் என்று பழைய_டிஸ்க் எழுதியதைப் படித்ததும் எனக்கு இவர்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. கேட்க வேண்டிய காலம் இதுதான்.

இன்னொன்று. கோப்பை வாங்கினால் பைட் மாறாமல் அப்படியே வாங்க வேண்டும். எம்எஸ்-டாஸ் 4.00 வெளியானபோது, யாரோ கோப்புகளை யூடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு மாற்றிவிட்டதால், அடிப்படை ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள ஆஸ்கிக்கு வெளியே இருந்த எழுத்துகள் சிதைந்துவிட்டன. கட்டம் வரையும் குறிகளுக்கே அப்படி என்றால், 128க்கு மேற்பட்ட எண்களில் தமிழை வைத்திருக்கும் நம் பழைய கோப்பு ஒரே சேமிப்பில் கூழாகிவிடும். உரிமம் சரியாக இருந்தும் உள்ளே தமிழ் இருக்காது. வட்டுப் படிமமாக எடுங்கள். மாற்றுவதெல்லாம் பிரதியில் செய்யுங்கள்.

பாயான்லெப்பாஸ் (பினாங்கு)

எழுத்துரு சொல்வது நூற்றுக்கு நூறு. பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். தொண்ணூறுகளில் ஒரு கோயிலுக்கு அர்ச்சனை ரசீது, உபயக் கணக்கு இரண்டுக்கும் டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் தமிழ் நிரல் எழுதியவர். ஃபிளாப்பி இன்னும் அவரிடம் இருக்கிறது. வாயால் கேட்டால் “எடுத்துக்கோ” என்றுதான் சொல்வார். அது போதுமா?

சட்டமேசை (கோலாலம்பூர்)

போதாது ஐயா. நம் சட்டத்தில் பிரிவு 27: பதிப்புரிமையை மாற்றிக்கொடுப்பதும் உரிமம் கொடுப்பதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அவர் மனதார “எடுத்துக்கோ” என்று சொல்லலாம். அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் வேறு மாதிரி சொன்னால் உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது.

அதைவிடப் பெரிய விஷயம் பிரிவு 26. வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்குப் போகும் என்பது பலருக்குத் தெரியும். நம் நாட்டில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எழுதச் சொன்னவருக்கும் போகும். எழுதியவர் ஊழியராக இல்லாவிட்டாலும் கூட. ஆகவே முதல் கேள்வி: கோயில் நிர்வாகம் எழுதச் சொல்லிப் பணம் கொடுத்ததா, அல்லது அவர் தானாக எழுதி விற்றாரா?

எழுத்துரு (கோலாலம்பூர்)

எல்லாருக்கும் உதவும்படி ஒரு வாசகத்தை இங்கேயே எழுதிவிடுவோமே. நான் தொடங்குகிறேன்:

“கீழே பெயர் குறிப்பிட்டுள்ள நிரலின் மூலநிரல், இயங்கும் கோப்புகள், எழுத்துருக்கள், கையேடு ஆகியவற்றை எமது கழகம் கல்வி நோக்கத்துக்காகத் தன் இணையதளத்தில் வெளியிட அனுமதிக்கிறேன்.”

பழைய_டிஸ்க் (கோலாலம்பூர்)

வேண்டாம் வேண்டாம், 2001இல் நடந்தது அப்படியே திரும்ப நடக்கிறது. “எமது கழகம்” என்றால் கழகம் கலைந்ததும் அனுமதி அந்தரத்தில் நிற்கும். “தன் இணையதளத்தில்” என்றால் பென்டிரைவில் கொடுக்க முடியாது. “கல்வி நோக்கத்துக்காக” என்றால் பத்து ரிங்கிட் கேள்வி மறுபடியும் வரும், அந்த எழுத்துருவை ஒரு பத்திரிகை பயன்படுத்த முடியாது. இப்படி வைத்துப் பாருங்கள்:

“கீழே பெயர் குறிப்பிட்டுள்ள நிரலின் மூலநிரல், இயங்கும் கோப்புகள், எழுத்துருக்கள், கையேடு ஆகியவற்றின் பதிப்புரிமை என்னுடையது. இவற்றை எவரும், எந்த நோக்கத்துக்கும், கட்டணமின்றியோ கட்டணத்துக்கோ, காலவரம்பின்றிப் பயன்படுத்தவும், பிரதி எடுக்கவும், மாற்றவும், விநியோகிக்கவும் அனுமதிக்கிறேன். என் பெயரும் இந்த அனுமதி வாசகமும் ஒவ்வொரு பிரதியோடும் இருக்க வேண்டும். நிரல் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, அதன் பயன்பாட்டால் வரும் எதற்கும் நான் பொறுப்பல்ல.”

எம்ஐடி உரிமத்தின் சாரம் இதுதான். அதன் மூல வாசகத்தையும் கீழே சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் வெளிநாட்டவருக்கும் குழப்பம் இருக்காது.

சட்டமேசை (கோலாலம்பூர்)

நன்றாக இருக்கிறது. “திரும்பப் பெறமாட்டேன்” என்று ஒரு சொற்றொடர் சேருங்கள். நிரலின் பெயர், பதிப்பு, எழுதிய ஆண்டு, வட்டுப் படிமத்தின் சரிபார்ப்பு எண் இவை அட்டவணையில் வரட்டும். எந்த நிரலுக்குக் கையெழுத்துப் போட்டார் என்பதில் பின்னால் சந்தேகம் வரக் கூடாது. வேறொருவர் எழுதிய பகுதி, உதாரணமாக யாரிடமிருந்தோ வாங்கிச் சேர்த்த எழுத்துரு இருந்தால், அதைத் தனியாகக் குறிப்பிட்டு விலக்கிவிட வேண்டும்.

தீவு_டீச்சர் (பினாங்கு)

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு இந்த இழையையே காட்டப் போகிறேன். முடிவு இது: எம்எஸ்-டாஸ் 1.25, 2.0, 4.00, சிபி/எம், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு மூன்றும் பென்டிரைவில், ஒவ்வொன்றோடும் உரிமக் கோப்பு. லிசா திரையில் மட்டும். பிள்ளைகள் சொந்த பென்டிரைவைக் கொண்டுவருவார்கள். ஒரு பாடவேளையை இந்த உரிமங்களை வாசிப்பதற்கே ஒதுக்குகிறேன், நிரல் எழுதப் போகும் பிள்ளைகளுக்கு அதுவும் பாடம்தானே. எமுலேட்டர்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா?

பழைய_டிஸ்க் (கோலாலம்பூர்)

இருக்கிறது டீச்சர். டாஸுக்கான எமுலேட்டர் டாஸ்பாக்ஸ், அது ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதை நீங்கள் விநியோகித்தால் அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும், அதனால் அந்தச் சுருக்கக் கோப்பையும் அதே பென்டிரைவில் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. யூனிக்ஸுக்கு, அது அன்று ஓடிய பிடிபி-11 கணினியின் எமுலேட்டர் வேண்டும். ஓப்பன் சிம்ஹெச் எடுங்கள், அது எம்ஐடி. 2022இல் சிம்ஹெச் பராமரிப்பாளர் ஒருவர் உரிமத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்ததால்தான் மற்றவர்கள் ஓப்பன் சிம்ஹெச் என்று பிரிந்து போனார்கள். அந்த இரண்டு பெயரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாயான்லெப்பாஸ் (பினாங்கு)

பட்டர்வொர்த் நண்பரிடம் தொலைபேசியில் பேசினேன். கோயில் நிர்வாகம்தான் எழுதச் சொல்லிப் பணம் கொடுத்ததாம். அவருக்குக் கையெழுத்துப் போட ஆட்சேபணை இல்லை. ஃபிளாப்பியைப் படித்துப் படிமம் எடுக்க என் டிரைவையே எடுத்துப் போகிறேன். கடிதம் அவர் பெயரில் போதுமா?

சட்டமேசை (கோலாலம்பூர்)

அப்படியானால் நிர்வாகத்தின் கையெழுத்துதான் முக்கியம் ஐயா. தலைவர் அல்லது செயலாளர், முத்திரையோடு. நிர்வாகக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாகக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது, அடுத்த தேர்தலில் நிர்வாகம் மாறினாலும் நிற்கும். நண்பரும் தன் பங்குக்குப் போடட்டும், அவரிடம் மிச்சம் ஏதாவது உரிமை இருந்தால் அதையும் அது மூடிவிடும். “பதிப்புரிமை என்னுடையது” என்ற வரியை மட்டும் இருவருக்கும் ஏற்ற மாதிரி மாற்றி இன்று இரவு அனுப்புகிறேன்.

பாயான்லெப்பாஸ் (பினாங்கு)

அனுப்புங்கள் அம்மா. இரண்டு பிரதி அச்செடுத்துப் போகிறேன். செயலாளர் வெள்ளிக்கிழமை மாலை பூசைக்கு வருவார், அங்கேயே பார்த்துவிடலாம்.